மோனேயின் கடைசிக் காலப் பாலம்: கண் செய்ததா, கை செய்ததா?

நடைவண்டி

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்று கேட்டே ஆக வேண்டிய விஷயம் ஒன்று வந்திருக்கிறது.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். போன சனிக்கிழமை ரயிலேறி நியூயார்க் போய், காலையில் மெட் அருங்காட்சியகம், சாப்பாட்டுக்கு அப்புறம் மோமா என்கிற நவீனக் கலை அருங்காட்சியகம் என்று இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். இரண்டிலும் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த அதே பாலம் இருக்கிறது. பிரான்ஸில் ஜிவெர்னி என்ற கிராமத்தில், தன் வீட்டுக் குளத்தின் மேல் அவர் போட்டுக்கொண்ட ஜப்பானிய பாணி மரப்பாலம்.

மெட்டில் இருப்பது 1899இல் வரைந்தது. பாலம் பிறை போல வளைந்து நிற்கிறது. கீழே அல்லி இலைகள் அடுக்கடுக்காகப் பின்னால் போகின்றன, இலைகளுக்கு நடுவே மரங்களின் பிம்பம் தண்ணீருக்குள் இறங்குகிறது. வெயில் தாழ்ந்த நேரத்தில் குளக்கரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மோமாவில் இருப்பது 1920 முதல் 1922 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. அகலம் 116 செ.மீ., உயரம் 90 செ.மீ. இருக்கும். முதல் பார்வையில் பாலமே கண்ணில் படவில்லை. துரு, ஆரஞ்சு, மஞ்சள், காய்ந்த ரத்தம் போல ஒரு சிவப்பு. தீப்பிடித்த வைக்கோல்போர் என்றுதான் நினைத்தேன். பலகையில் தலைப்பைப் படித்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோதுதான் நடுவில் அந்த வளைவு எழுந்து வந்தது. கிட்டே போனால் வண்ணம் அப்படி ஒரு தடிமன். தோசைக்கல் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த மாவு மாதிரி மேடு மேடாக நிற்கிறது. அதே அறையில் பெரிய அல்லி ஓவியத்தின் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் இதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

பக்கத்தில் ஒருவர் தன் மகளிடம், 'அவருக்குக் கண்புரை, அதனால்தான் இப்படி' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இது கண்ணின் கோளாறு மட்டும்தானா? வேண்டும் என்றே வரைந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரித்துண்டு

நல்ல இழை தம்பி. நான் முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்காத வருடமே கிடையாது.

கண்புரை இருந்தது உண்மை. 1912இல் இரண்டு கண்ணிலும் புரை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் மனைவி அலிஸ் இறந்திருந்தார். 1914இல் மூத்த மகன் ழானும் போனார். அறுவை சிகிச்சைக்குப் பயந்து பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். இவ்வளவும் சரி.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பாரீஸில் ஒராஞ்சரி என்ற கட்டடத்தில் சுவர் முழுக்க இருக்கின்றனவே பெரிய அல்லி ஓவியங்கள், அவற்றை 1914 வாக்கில் தொடங்கிச் சாகும்வரை செய்துகொண்டிருந்தார். அதாவது இந்தச் சிவப்புப் பாலத்தை வரைந்த அதே வருடங்களில், அதே ஆள், அதே கண்ணோடு, அந்தப் பெரிய கான்வாஸ்களிலும் வேலை செய்திருக்கிறார். அவை நீலமும் ஊதாவும் பச்சையுமாக இருக்கின்றன. கண் மட்டுமே காரணம் என்றால் அவையும் துருப்பிடித்திருக்க வேண்டாமா?

விழித்துணை

நான் கண் பரிசோதனைத் துறையில் வேலை செய்கிறேன். கரித்துண்டு சார் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிப் பாதிக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

மோனேக்கு வந்தது விழிவில்லையின் நடுப்பகுதி மஞ்சளாகி, போகப்போகப் பழுப்பாகும் வகை. கட்டித் தேநீர் வழியாகப் பார்ப்பது மாதிரி. நீலமும் ஊதாவும்தான் முதலில் அடிபடும். கரும்பச்சை, கருநீலம், கறுப்பு மூன்றும் ஒன்றாகிவிடும். உருவங்களின் ஓரம் கரைந்துபோகும். இன்னொரு பெரிய தொல்லை வெளிச்சத்தில் கண் கூசுவது. அவர் உச்சி வெயிலைத் தவிர்த்ததும், அகலமான வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டதும் அதனால்தான். சிவப்பெல்லாம் சேறாகத் தெரிகிறது என்று ஒரு பத்திரிகையாளரிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

'எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததால் மஞ்சளாக வரைந்தார்' என்று மட்டும் சொல்லக் கூடாது. தோட்டத்தைப் பார்த்த அதே கண்தான் வண்ணத்தட்டையும் பார்க்கிறது. இலை பழுப்பாகத் தெரிந்தால் குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையும் அதே அளவு பழுப்பாகத்தான் தெரியும். இரண்டையும் பொருத்தினால் தவறு தன்னாலேயே கழிந்துவிடும், நமக்குச் சரியான பச்சைதான் கிடைக்கும்.

பிரச்சினை வேறு இடத்தில். இரண்டு நிறத்துக்கு நடுவிலான வித்தியாசமே தெரியாமல் போகும்போது எதை எடுத்தாலும் ஒன்றுதான். அப்போது கை எதை எடுக்கும்? கண்ணுக்கு இன்னும் எட்டுகிற அழுத்தமான நிறத்தை எடுக்கும், அல்லது பழக்கத்தில் எடுக்கும். மோனே குழாய்களின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்தும், தட்டில் வண்ணங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்தும் வேலை செய்தார். கண் கைவிட்ட இடத்தில் அந்த வரிசை அவரைத் தாங்கியிருக்கிறது.

1922 செப்டம்பரில் டாக்டர் சார்ல் கூத்தேலா சோதித்தபோது வலது கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. இடது கண்ணில் பத்தில் ஒரு பங்கு பார்வை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்த நிலையில் என்னிடம் வருபவர்கள் படிக்கட்டு இறங்கவே சுவரைப் பிடிப்பார்கள்.

பழைய சட்டகம்

மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. இந்தப் படம் முடிந்ததா?

1899 வரிசைப் பாலங்கள் 1900இல் துராந்-ருயெல் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டவை. பார்த்துத் திருப்தியாகி, கையெழுத்துப் போட்டு விற்றவை. கடைசிப் பாலங்கள் அப்படி வெளியே போகவில்லை. அவை ஸ்டூடியோவிலேயே கிடந்தன. 1926 டிசம்பர் 5 அன்று மோனே இறந்த பிறகு இளைய மகன் மிஷெலின் கைக்கு வந்தன. ஒரு ஓவியர் வெளியே அனுப்பாத வேலையை வைத்துக்கொண்டு 'இது அவர் முடிவு' என்று நாம் வாதாடுவது சரியா?

அவர் இருக்கும்போதும் இறந்த பிறகும் பலர் இவற்றைக் கிழவரின் தடுமாற்றம் என்றே ஒதுக்கினார்கள். 1952இல் எல்ஸ்வொர்த் கெல்லி என்ற அமெரிக்க இளைஞர் ஜிவெர்னிக்குப் போனபோது பெரிய கான்வாஸ்கள் பாழடைந்த ஸ்டூடியோவில் கேட்பாரற்றுக் கிடந்தன. பின்னாளில் பெரிய ஓவியரான அதே கெல்லிதான். அப்புறம் காற்று மாறியது. நியூயார்க்கில் ஜாக்சன் பொலாக் போன்றவர்கள் உருவமே இல்லாமல் கான்வாஸ் முழுக்க வண்ணத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்த காலம். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மோனேயின் கடைசிப் படங்கள் திடீரென்று புரிந்தன. மோமா தன் முதல் பெரிய அல்லி ஓவியத்தை 1955இல் வாங்கியது, இந்தப் பாலத்தை 1956இல். அந்த முதல் அல்லி ஓவியம் 1958இல் நடந்த தீ விபத்தில் அழிந்துபோனது. நடைவண்டி பார்த்த மூன்று பலகை அல்லி ஓவியம் அதற்குப் பிறகு வாங்கியது.

ஆக, இது எனக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதில் மோனேயின் பங்கு எவ்வளவு, அவருக்குப் பின் வந்தவர்கள் என் கண்ணைப் பழக்கிய பங்கு எவ்வளவு? எனக்கு நிஜமாகவே பிடிக்கும். அதனால்தான் கேட்கிறேன்.

ஆம்பல்

நான் ஓவியம் படித்தவள் இல்லை, மொட்டை மாடியில் தொட்டியில் அல்லி வளர்ப்பவள். அதனால் முதலில் ஒரு திருத்தம், இந்த இழையில் யாரும் தவறு செய்யவில்லை என்றாலும்: பத்திரிகைகளில் 'மோனேயின் தாமரைக் குளம்' என்று எழுதுகிறார்கள். அது தாமரை இல்லை. தாமரை இலை தண்ணீரை விட்டு எழுந்து குடை மாதிரி நிற்கும், நடுவில் தண்டு சேரும். அல்லி இலை தண்ணீரில் படுத்திருக்கும், ஒரு பக்கம் பிளவு இருக்கும். மோனேயின் படங்களில் இலைகள் அத்தனையும் படுத்துத்தான் இருக்கின்றன. பிம்பமும் இலையும் ஒரே தளத்தில் சேர்ந்து விளையாடுகிறதே, அது அல்லியால்தான் முடியும்.

அந்த அல்லிகளுக்கும் ஒரு கதை உண்டு. அதுவரை பிரான்ஸின் குளிரைத் தாங்கும் அல்லி என்றால் வெள்ளைதான். லத்தூர்-மார்லியாக் என்ற நாற்றங்கால்காரர் கலப்பு செய்து இளஞ்சிவப்பு, மஞ்சள், சிவப்பு எல்லாம் உண்டாக்கினார். ஈபிள் கோபுரம் திறந்த அதே 1889 உலகக் கண்காட்சியில் அவற்றை வைத்தார். மோனே அவரிடம்தான் வாங்கினார். 1893இல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, ஆற்றின் கிளை ஒன்றைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வெளிநாட்டுச் செடி தண்ணீரை நஞ்சாக்கும், கீழே துணி துவைக்கிறோம், மாடு குடிக்கிறது என்று பயம். ஒருவழியாக அனுமதி கிடைத்தது. பிறகு இலைகளில் படியும் தூசியைப் படகில் போய்க் கழுவவே ஒரு தோட்டக்காரர் இருந்தாராம்.

என் தங்கை லியோனில் இருக்கிறாள். ஒரு அக்டோபர் கடைசியில் அவளோடு ஜிவெர்னி போனேன். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இப்போது சாலை, அதற்கு அடியில் சுரங்கப்பாதை வழியாகக் குளத்துக்குப் போக வேண்டும். பாலத்தின் மேல் வளைவில் விஸ்டேரியா கொடி. அது 1899 படத்தில் கிடையாது, பந்தல் பின்னால் போட்டது. மோமா படத்தில் நடுவில் இரண்டு வளைவு தெரிந்தால் மேலே இருப்பது அந்தப் பந்தல். அன்றைக்கு விஸ்டேரியா இலை மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது, குளத்தைச் சுற்றி மரங்கள் துருவும் செம்புமாக இருந்தன, சாயங்கால வெயில் பக்கவாட்டில் வந்து தண்ணீரிலும் அதே நிறம். பச்சைப் பாலம் அந்தக் கலவையில் இருட்டாகத்தான் தெரிந்தது. இந்தப் படம் அக்டோபரில் வரைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தோட்டம் அந்த நிறத்துக்குப் போகக்கூடியது, அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அவ்வளவுதான்.

நடைவண்டி

ஆம்பல் அக்கா, இரண்டு வளைவு! சனிக்கிழமை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், மேலே ஒன்று இருக்கிறது. நான் அதை வெறும் தூரிகை வீச்சு என்று நினைத்திருந்தேன். மிக்க நன்றி.

கரித்துண்டு

பழைய சட்டகம் கேட்டது சரியான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

வகுப்பில் நான் செய்யும் ஒரு பயிற்சி: இந்தப் படத்தின் நல்ல பிரதியை எடுத்து, அதன் மேல் மெல்லிய காகிதம் வைத்து, பாலத்தின் வளைவை மட்டும் பென்சிலால் எடுக்கச் சொல்வேன். எடுத்துப் பார்த்தால் தெரியும், வளைவு தள்ளாடவே இல்லை. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரே மூச்சில் போகிறது. சுற்றிலும் அத்தனை கொந்தளிப்பு இருக்கும்போது அந்தக் கோடு மட்டும் அசையாமல் நிற்கிறது. அந்தப் பாலத்தை இருபத்தைந்து வருடமாகப் பார்த்துவந்தவர், அதை எங்கே போட வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவரே. கண் மங்கினாலும் அது உள்ளங்கை ரேகை மாதிரி அவருக்குள் இருந்திருக்கிறது.

அப்புறம், ஒரே ஒரு பாலம் இப்படி இருந்தால் தடுமாற்றம் என்று சொல்லலாம். ஒன்றல்ல, ஒரு வரிசையே இருக்கிறது. பாரீஸ் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் பல இருக்கின்றன. சில சிவந்து எரிகின்றன, சில பச்சையும் நீலமுமாகக் குளிர்ந்திருக்கின்றன. வைக்கோல்போரையும் ரூவாங் தேவாலயத்தையும் வெளிச்சம் மாற மாற வரைந்தாரே, அதே பழக்கம்தான். இடம் ஒன்று, நிறம் வேறு.

முடிந்ததா என்றால், கடைசிக் காலத்தில் மோனே தனக்குப் பிடிக்காததை வைத்திருப்பவர் இல்லை. கிழித்தார், எரித்தார். கண் சரியான பிறகு இவற்றைப் பார்க்க அவருக்கு மூன்று வருட அவகாசம் இருந்தது. பார்த்தார், வைத்துக்கொண்டார். எனக்கு இது போதும்.

பழைய சட்டகம்

வைத்துக்கொண்டது ஒப்புதல் ஆகிவிடுமா சார்? திருத்தலாம் என்று வைத்திருக்கலாம். ஒராஞ்சரி பலகைகளையே அப்படித்தான் கைவிட மனமில்லாமல் கடைசிவரை திருத்திக்கொண்டிருந்தார். 1918இல் போர் நின்ற மறுநாளே, அப்போது பிரான்ஸின் பிரதமராக இருந்த நண்பர் கிளெமான்சோவுக்கு எழுதி, நாட்டுக்குத் தருகிறேன் என்று சொன்ன ஓவியங்கள். உயிரோடு இருந்தவரை அவை ஸ்டூடியோவை விட்டுப் போகவில்லை. மக்கள் பார்த்தது 1927 மே மாதம்.

ஆனால் அந்த வளைவுப் பயிற்சியை இப்போதுதான் செய்தேன். வெண்ணெய்க் காகிதம் வைத்து எடுத்தேன். நீங்கள் சொன்னது உண்மை, கோடு தள்ளாடவில்லை. அந்த அளவில் பின்வாங்குகிறேன்.

விழித்துணை

'கண் சரியான பிறகு' என்பதை நான் விட முடியாது, மன்னிக்கவும். அது அவ்வளவு சுலபமாகச் சரியாகவில்லை.

1923 ஜனவரியில் வலது கண்ணில் இரண்டு கட்டமாக அறுவை, ஜூலையில் இன்னொன்று. தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் நாள்கணக்கில் படுக்க வேண்டும். எண்பத்திரண்டு வயதில், வாழ்நாள் முழுவதும் வெளியில் நின்று வேலை செய்த ஒரு மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! இன்று போல விழிவில்லையை எடுத்த இடத்தில் செயற்கை வில்லை வைக்கும் வழி அப்போது கிடையாது. அது 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி செய்த பிறகு வந்தது. மோனேக்குக் கிடைத்தது கனமான மூக்குக்கண்ணாடி. எல்லாம் வளைந்து தெரிந்தது. பிறகு நிறம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இயற்கை வில்லை புற ஊதாக் கதிரைத் தடுத்து வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும். இத்தனை வருடம் பழுப்பு வழியாகப் பார்த்தவருக்கு அது இன்னும் அதிர்ச்சி. அறுவைக்குச் சம்மதித்ததையே நொந்து டாக்டருக்குக் கோபமாக எழுதினார். நிறம் ஏற்றிய கண்ணாடிகள் மாற்றி மாற்றிப் போட்டு, 1925 வாக்கில்தான் நிம்மதியானார். இடது கண்ணைத் தொடவே விடவில்லை.

அதாவது கடைசி வருடங்களில் அவரிடம் இரண்டு வேறு கண்கள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. 1922க்கும் 1924க்கும் இடையில் ரோஜாத் தோட்டத்திலிருந்து தன் வீட்டை அவர் வரைந்த வரிசையைப் பாருங்கள். ஒன்று நீலத்தில் மிதக்கிறது, இன்னொன்று செங்கல் சூளை போல இருக்கிறது. கரித்துண்டு சார் சொன்ன வெளிச்ச வரிசையும் இதில் இருக்கலாம், இரண்டு கண்ணும் இருக்கலாம். எனக்கு இரண்டையும் பிரிக்கத் தோன்றவில்லை.

ஆம்பல்

விழித்துணை மேடம், என் அம்மாவுக்குப் போன மாதம்தான் வலது கண்ணில் புரை எடுத்தோம். இடது கண் அடுத்த வாரம். கட்டுப் பிரித்த அன்றைக்குக் கூடத்துச் சுவரைப் பார்த்து, 'எப்போ வெள்ளையடிச்சே?' என்று கேட்டார். அடித்து நாலு வருடம் ஆகிறது. அதிலிருந்து பூத்தொட்டி முன்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி, அடுத்ததை மூடி விளையாடிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பாலப் படத்தை அச்செடுத்து அவரிடம் காட்டினால் என்ன?

விழித்துணை

கட்டாயம் செய்யுங்கள். வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்துக் காட்டுங்கள். கையை அழுத்தாமல் கண்ணை மறைக்கச் சொல்லுங்கள். எது என்ன படம் என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள். இடது கண் அறுவைக்கு முன்னால் மட்டும்தான் இது முடியும்.

ஆம்பல்

இன்று காலை காட்டினேன். கடையில் தடித்த காகிதத்தில் ஏ4 அளவில் எடுத்தது.

முதலில் இடது கண். ரொம்ப நேரம் பார்த்தார். 'செம்மண் பாதை. நடுவுல ஏதோ வளைஞ்சு நிக்குது, பாலமா?' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறு என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டேன். 'எல்லாம் ஒரே காவிதான்' என்றார்.

அப்புறம் வலது கண். உடனே முகம் மாறிவிட்டது. 'இதுல நீலம் இருக்கே! இங்க, இங்க. பச்சையும் இருக்கு' என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இருக்கிறது. சிவப்புக்கு நடுவில் சின்னச் சின்னதாக வெளிர் நீலம், பச்சை. நானே அதுவரை சரியாகக் கவனிக்கவில்லை. மறுபடி இடது கண்ணால் பார்க்கச் சொன்னேன். விரலை அதே இடத்தில் வைத்துக்கொண்டே, 'இங்கதான் இருந்துச்சு, இப்ப காணோம்' என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் எல்லோரும் சொல்லுங்கள். எனக்குத் தோன்றுவது: அம்மாவின் இடது கண்ணுக்குத் தெரியாத நீலத்தை, அதைவிட மோசமான கண்ணோடு இருந்தவர் அங்கே வைத்திருக்கிறார்.

கரித்துண்டு

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு எழுந்து வாசலில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

குழாயில் நீலம் என்று படித்து, தட்டில் எப்போதும் வைக்கும் இடத்தில் அது இருக்கிறது என்று தெரிந்து, தன் கண்ணுக்கு எட்டாவிட்டாலும் தண்ணீரில் அந்த இடத்தில் அது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

பழைய சட்டகம்

சொட்டு மருந்து விட்டு இடது கண்ணில் பார்வை கொஞ்சம் தெளிந்த நாள்களும் 1922இல் இருந்தன, அப்போது வைத்ததாகவும் இருக்கலாம். ஆனால் 'தடுமாற்றம்' என்ற சொல்லை இனி நான் இந்தப் படத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்.

விழித்துணை

ஆம்பல், அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து அதே அச்சை இடது கண்ணுக்கும் காட்டுங்கள். நடைவண்டி, உங்களால் முடிந்தால் நேரில் பார்த்து அந்த நீலம் மேல் பூச்சா, அடியில் இருந்து எட்டிப் பார்ப்பதா என்று சொல்லுங்கள். அச்சில் அது தெரியாது.

நடைவண்டி

வரும் சனிக்கிழமை காலை முதல் ரயிலிலேயே போகிறேன். அம்மா விரல் வைத்த இடங்களை அச்சில் பென்சிலால் வட்டமிட்டுப் படம் எடுத்து அனுப்ப முடியுமா அக்கா? அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.